ஞாயிற்றுக்கிழமை போகவிருந்த சோபா

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தொன்பது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் நிறுத்த எனக்குப் பிடிக்காது.

குருவின் பெயர் நிலோஃபர். கோயம்புத்தூரில் ஒரு பர்னிச்சர் கடையில் பத்து வருஷம் வேலை பார்த்தவர். கடையில் ராஜா மாதிரி இருக்கிற சோபா, வீட்டுக்குப் போனதும் வழிமறித்துப் படுத்த எருமை மாதிரி ஆகிவிடும். வாங்கினவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். அந்த முழிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் தனியாகத் தொழில் தொடங்கினார். வீட்டுக்கு வந்து, இருக்கிற சாமானை இருக்கிற இடத்தில் ஒழுங்காகப் போட்டுக் கொடுப்பார். புதிதாக எதையும் வாங்கச் சொல்ல மாட்டார்.

சீடர் கோதண்டராமன். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் ஸ்கேல், கையில் அளவு டேப். இரண்டும் இல்லாமல் காய்கறிக் கடைக்குக்கூடப் போக மாட்டார். அப்படிப்பட்ட மனுஷர், தன் மகள் வீட்டு ஹாலை நிலோஃபர் டேப்பையே தொடாமல் ஒரு மணி நேரத்தில் மாற்றிப் போட்டதைப் பார்த்து ஆடிப்போய்விட்டார்.

"எனக்கும் கத்துக் கொடுங்க மேடம்" என்றார்.

"கூட வாங்க சார். பாருங்க. தோணினதைக் கேளுங்க" என்றார் நிலோஃபர்.

ஆறு மாதம் கூடவே போனார். கேள்வி கேட்பதில் குறையே வைக்கவில்லை. பதில்தான் வாயிலிருந்து வருவது அபூர்வம். "இந்த அலமாரியை எங்க வைக்கலாங்க?" என்று கேட்டால், நிலோஃபர் அலமாரியைத் திறந்து உள்ளே இருப்பதில் பாதியை எடுத்து வெளியே வைப்பார். "இது ஜன்னலை மறைக்குதுங்களே?" என்றால், ஹால் விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். கோதண்டராமன் அதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வார். நோட்டு நிரம்பியதும் தொழிலும் கைக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

"அடுத்த வீட்டுக்கு நான் தனியாப் போறேங்க மேடம்."

"போங்க சார்."

அந்த அடுத்த வீடுதான் தமயந்தியின் வீடு. சிங்காநல்லூர்ப் பக்கம், இரண்டாவது மாடி. ஹால் பதினோரு அடிக்குப் பத்தரை அடி. அதற்குள் எட்டடிக்கு ஆறடி, ஆங்கில 'L' எழுத்து மாதிரி மடங்கின எல் சோபா.

தமயந்தி வீட்டிலேயே ப்ளவுஸ் தைப்பவர். கணவர் ரங்கசாமிக்கு லேத் பட்டறையில் வேலை. மகள் பூவிழி காலேஜ் முதல் வருஷம். அந்தச் சோபா தமயந்தி மூன்று வருஷமாகக் கண்ட கனவு. சாயங்காலமானால் மூன்று பேரும் அதில் உட்கார்ந்து, எதையாவது கொறித்துக்கொண்டு, டிவி பார்க்க வேண்டும். ஆசை இவ்வளவுதான்.

சோபா வந்தது. வந்த மறுநாளே வீடு மூன்றாகப் பிரிந்துவிட்டது. ரங்கசாமி சாப்பாட்டுத் தட்டோடு படுக்கையறைக் கட்டிலுக்குப் போனார். பூவிழி சமையலறை வாசற்படியில் போனும் கையுமாக உட்கார்ந்தாள். தமயந்தி தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஹாலில் சோபா தனியாக டிவி பார்த்தது.

ஒரு மாதம் பொறுத்தார் ரங்கசாமி. அப்புறம் சொல்லிவிட்டார்: "இது நம்மூட்டுக்கு ஆவாது. வர்ற ஞாயித்துக்கெழமை லோகு வண்டி கொண்டாறான். அவனூட்டுக்குப் போவட்டும்."

லோகு அவருடைய தம்பி. சாமான் ஏற்றுகிற குட்டியானை வண்டியைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவன்.

இதைக் கோதண்டராமனிடம் சொல்லும்போதே தமயந்திக்கு அழுகை வந்துவிட்டது. "எம் பொழப்புல நானா ஆசைப்பட்டு வாங்குன சாமான் இது ஒண்ணுதானுங்க சார். இதும் போயிருச்சுன்னா, அப்புறம் நான் எதுக்கும் ஆசையே படமாட்டேனுங்க."

"போகாதும்மா" என்றார் கோதண்டராமன். குரலில் அப்படி ஒரு தெம்பு. "ஞாயித்துக்கிழமை வண்டி வரட்டும். காலியாத்தான் திரும்பிப் போகும். எழுதி வேணாலும் தர்றேன்."

அன்று திங்கட்கிழமை சாயங்காலம். தமயந்தி முந்தானையால் சோபாவை ஒரு துடை துடைத்து, "உக்காருங்க சார்" என்றார். அவர் உட்கார்ந்தார். டிகிரி காப்பி வந்தது, முறுக்கு வந்தது. ரங்கசாமி அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றார். பக்கத்தில் பூவிழி நின்றாள். மரியாதையான குடும்பம் என்று கோதண்டராமன் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

பிறகு டேப்பை எடுத்தார். கதவு எவ்வளவு திறக்கிறது, ஜன்னல் எங்கே, ப்ளக் பாயிண்ட் எங்கே என்று ஒன்றையும் விடாமல் அளந்து படம் போட்டார். சோபாவின் எட்டடி நீளக் கையை ஜன்னல் சுவரிலும் ஆறடிக் குட்டைக் கையை இடப்பக்கச் சுவரிலும் ஒட்டிப் போட்டார். எதிரே டிவி. நடுவில் கண்ணாடி போட்ட டீப்பாய். தள்ளி நின்று பார்த்தார். படத்தில் இருந்தது அப்படியே தரையில் இருந்தது.

"சூப்பரா இருக்குதுங்க சார்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

செவ்வாய் இரவு ரங்கசாமி கட்டிலில்தான் சாப்பிட்டார்.

புதன்கிழமை மறுபடி போனார். மறுபடி துடைத்தார்கள், மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை சோபாவைத் திருப்பி, குட்டைக் கை டிவிக்கு நேராக வருகிற மாதிரி போட்டார். டீப்பாயைச் சுற்றி நடக்கப் பதினைந்து அங்குலம் விட்டார். ரங்கசாமி, "சார் கை வெச்சா தனிதானுங்க" என்றார். கோதண்டராமனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளும் பூவிழி படியில்தான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை வேறு வழி பிடித்தார். ஹாலை அளந்தது போதும், ஆளை அளப்போம் என்று இறங்கிவிட்டார். "மூணு பேரும் சோபாவுல உட்காருங்க" என்றார். உட்கார்ந்தார்கள், கல்யாண போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி, கையை மடியில் வைத்துக்கொண்டு. முழங்கால் உயரம், தோள் அகலம், கண் மட்டம் எல்லாவற்றையும் எடுத்தார். டிவியைக் கண் மட்டத்துக்குச் சரியாக உயரமான ஸ்டாண்டில் ஏற்றினார். காப்பி வைக்கத் தோதாக டீப்பாயை நாலு அங்குலம் முன்னால் இழுத்தார். இதற்கு மேல் ஒரு ஹாலில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவர் படித்த படிப்பு மேல் சத்தியமாக இல்லை.

சனிக்கிழமை மதியம் தமயந்தி போன் செய்தார். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி வருதுங்க சார். நீங்க பாவம், மூணு நாள் அலைஞ்சீங்க. எங்க ராசி அப்படி. விடுங்க."

 எழுதித் தருகிறேன் என்று தான் சொன்னது கோதண்டராமன் காதில் கேட்டது. வெட்கத்தை விட்டு நிலோஃபருக்குப் போன் போட்டார்.

முழுக் கதையும் சொன்னார். மூன்று படங்களின் அளவையும் ஒப்பித்தார். நிலோஃபர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்று கேட்டார்:

"நீங்க எங்க உட்கார்ந்தீங்க சார்?"

"சோபாவுலதாங்க. அவங்க உட்காரச் சொன்னாங்க."

"அவங்க?"

"நின்னாங்க. ஒரு நாள் நான் சொல்லி உட்கார்ந்தாங்க. அளவெடுக்க."

"ம்."

"சொல்லுங்க மேடம், எல் சோபாவைச் சின்ன ஹால்ல எப்படித்தாங்க போடறது?"

"காலையில ஒன்பது மணிக்கு வர்றேன். வாசல்ல நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீடே கறிக்குழம்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சமையலறை வாசலுக்குப் பக்கத்தில், பழைய பேப்பர் மேல் ஒரு குவியல் சின்ன வெங்காயம். தமயந்தி இவர்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, முந்தானையால் சோபாவைத் துடைத்தார்.

"வாங்க மேடம், வாங்க சார். உக்காருங்க, உக்காருங்க."

கோதண்டராமன் உட்கார்ந்தார். நிலோஃபர் உட்காரவில்லை. வெங்காயத்தைப் பார்த்தார்.

"இவ்வளவையும் தனியா உரிப்பீங்களாக்கா?"

"அது கெடக்குதுங்க மேடம், நீங்க உக்காருங்க மொதல்ல."

நிலோஃபர் பேப்பரோடு வெங்காயத்தை அள்ளி ஹாலுக்குக் கொண்டுவந்தார். சோபாவின் இரண்டு கைகளும் சேருகிற மூலையில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதுகைச் சோபாவில் சாய்த்தார். முழங்கால் டீப்பாயில் இடித்தது. எழுந்தார், டீப்பாயைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். நாலு அங்குலம் கணக்குப் பார்த்து இழுத்து வைத்த டீப்பாய். 

"ஐயய்யோ, கீழ போயி உக்காந்துட்டீங்க! மேல உக்காருங்க மேடம்!" என்றார் தமயந்தி.

"எனக்கு இங்கதான்க்கா முதுகுக்கு வாட்டமா இருக்கு. கத்தி எங்க?"

தமயந்தி இரண்டு நிமிஷம் நின்று பார்த்தார். வந்தவர் வெங்காயம் உரிக்கும்போது வீட்டுக்காரி நின்றுகொண்டிருப்பதா? கத்தியை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தன்னை அறியாமல் குட்டைக் கைப் பக்கம் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிவிட்டார்.

"ஸ்ஸ்ஸப்பா" என்றார்.

அந்தச் சத்தம் படுக்கையறை வரை கேட்டிருக்க வேண்டும். பூவிழி தலைமுடியை விரித்துப் போட்டபடி வந்தாள். "அம்மா, பின்னி விடு."

"கையெல்லாம் வெங்காயம் கண்ணு."

"நான் பின்னட்டா?" என்றார் நிலோஃபர். கையைத் துடைத்துக்கொண்டு சோபாவில் ஏறி உட்கார்ந்தார். பூவிழி கீழே அவர் கால்களுக்கு நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஏற்கெனவே பத்துத் தடவை அப்படி உட்கார்ந்தவள் மாதிரி.

"அழுத்திப் பின்னுங்கக்கா. அவுந்துரும்."

"இவளுக்கு எத்தன அழுத்துனாலும் பத்தாது கண்ணு" என்றார் தமயந்தி.

மேடம் எப்போது கண்ணு ஆனார் என்று கோதண்டராமன் கவனித்தார். தான் இன்னும் சார்தான் என்பதையும் கவனித்தார். நீளக் கையின் கோடியில், துடைத்துவிட்ட இடத்தில், பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி அவர் ஒருவர்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து எல்லார் உச்சந்தலையும் தெரிந்தது. யாருடைய பேச்சும் அவரை நோக்கி வரவில்லை.

ரங்கசாமி எட்டிப் பார்த்தார். கோதண்டராமனைப் போலவே அவருக்கும் சங்கடம். இன்னும் அரை மணியில் சோபா போகப் போகிறது, இந்த நேரத்தில் இத்தனை பேர் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"லோகு கெளம்பிட்டானாம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

தமயந்தி தலை நிமிரவில்லை. உரித்த வெங்காயம் ஒன்று கையிலிருந்து உருண்டு போனது. வெங்காயத்துக்கா அழுகிறார், சோபாவுக்கா அழுகிறார் என்று யாருக்கும் தெரியாதபடி கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"அண்ணா, நீங்க எப்பவும் எங்க உட்காருவீங்க? சோபா வர்றதுக்கு முன்னாடி" என்று கேட்டார் நிலோஃபர், பின்னலை விடாமல்.

"அப்ப ஜமுக்காளம் விரிச்சிருப்போமுங்க. அந்தச் செவுத்துல சாஞ்சுக்குவேன். நாள் முழுக்க லேத்துல நின்னுட்டு வந்தா காலை நீட்டோணுமுங்களே. சோபாவுல காலைத் தொங்கப் போட்டா மரத்துப் போவுது. கீழ உக்காரலாமுன்னா அந்த டீப்பாய்..." என்று தரையைப் பார்த்தார். டீப்பாயைக் காணோம். "அது எங்க?"

"வெளிய இருக்கு. ஜமுக்காளம் எங்கக்கா?"

"சோபா வந்த ஊட்ல அது என்னத்துக்குன்னு பரண் மேல போட்டுட்டனே" என்றார் தமயந்தி.

ரங்கசாமி ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தார். பவானி ஜமுக்காளம், சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக. தமயந்தி வெங்காயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, சோபாவின் இரண்டு கைகளுக்கும் நடுவில் விரித்தார்கள். விரித்துவிட்டு அவரும் உட்கார்ந்தார், சும்மா, எப்படி இருக்கிறது என்று பார்க்க. முதுகு சோபாவின் நீளக் கையில் சாய்ந்தது. கால் இரண்டும் நீண்டது.

"ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "செவுரு மாதிரி இல்ல. மெத்துனு இருக்குது" என்றார்.

"டிவி தெரியுதாண்ணா?"

"கழுத்தைத் தூக்கோணுமுங்க. கோபுரத்தைப் பாக்கற மாதிரி."

"சார்" என்று திரும்பினார் நிலோஃபர். "டேப் இருக்கா?"

கோதண்டராமனுக்கு உயிர் வந்தது. ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கிற ரங்கசாமியின் கண் மட்டத்தை அளந்தார். அப்புறம் பூவிழி, அப்புறம் தமயந்தி. ஸ்டாண்டை அளந்தார். உதட்டைப் பிதுக்கினார். திடீரென்று வாசலுக்குப் போய் அந்த டீப்பாயை அளந்தார். அளந்தவர், உயரம் கச்சிதமாக இருக்கக் கண்டு, சத்தமாகவே சிரித்துவிட்டார். அவரே அதைத் தூக்கிக்கொண்டு வந்து எதிர்ச் சுவரில் ஒட்டிப் போட்டார். ரங்கசாமியும் அவரும் பிடித்து டிவியை அதன் மேல் இறக்கினார்கள்.

"இப்ப?"

"அப்படியே இருக்கட்டுமுங்க சார்" என்றார் ரங்கசாமி, உட்கார்ந்து பார்த்துவிட்டு. "அப்படியே இருக்கட்டும்."

கோதண்டராமன் மறுபடி சோபாக் கோடிக்குப் போகவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு முனகலோடு, ரங்கசாமி பக்கத்தில் கீழே இறங்கினார். தமயந்தி அவரைப் பார்த்தார். ஒரு நொடி யோசித்தார். பிறகு ஒரு கைப்பிடி பூண்டை அவர் முன்னால் கொட்டினார்.

"சும்மாத்தானே இருக்கீங்க சார். இதை உரிச்சுப் போடுங்க."

உரித்தார். அறுபது வயதை நெருங்கும் அந்த மனுஷருக்கு அது ஒரு பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

பத்து மணிக்குக் கீழே ஹாரன் அடித்தது. தமயந்தியின் கை நின்றுவிட்டது. பூவிழி அப்பாவைப் பார்த்தாள்.  படியில் தடதடவென்று சத்தம். லோகு கயிறும் சாக்குமாக வாசலில் வந்து நின்றான்.

"அண்ணா, எந்திரி. தூக்கலாமா?"

ரங்கசாமி எந்திரிக்கவில்லை. ஒரு வெங்காயத்தை எடுத்து, தலையைக் கிள்ளி, தோலை உரித்தார்.

"கவுத்தைக் கீழ போடுடா. வா, உக்காரு."

"வண்டி ரோட்ல நிக்குதுண்ணா. சோபா?"

"சோபாவுக்கு என்ன? எல்லாரும் சாஞ்சிருக்கறது உங் கண்ணுக்குத் தெரியல? கறி வேவுது, தின்னுட்டுப் போ."

லோகு அண்ணியைப் பார்த்தான். தமயந்தி இப்போது வெளிப்படையாகவே அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார். அவன் கயிற்றை வாசலில் போட்டுவிட்டு, ஜமுக்காளத்தில் காலியாக இருந்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் காலை நீட்டினான்.

சாப்பாடு ஆகி, வெற்றிலை போடும் வரை யாரையும் விடவில்லை தமயந்தி. கிளம்பும்போது நிலோஃபரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடிக்கடி வா கண்ணு" என்றார். கோதண்டராமனிடம், "நீங்களுந்தானுங்க" என்றார்.

மாடிப்படி இறங்கும் வரை கோதண்டராமன் பொறுத்தார். கீழே குட்டியானை காலியாக நின்றது. தான் கொடுத்த வாக்கு பலித்துவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க சார்."

"மூணு படம் போட்டேன். ஓரங்குலம் பிசகல. ஆளையே அளந்து பார்த்தேன். மூணும் எப்படிங்க தப்பாப் போச்சு?"

நிலோஃபர் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினார். கைப்பையில் சாவியைத் தேடி எடுத்தார்.

"தப்புன்னு யார் சார் சொன்னா? நீங்க போன மூணு நாளும் அந்த வீட்ல ஒரு விருந்தாளி உட்கார்ந்திருந்தார். மூணு படமும் அவருக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சு."

யாருங்க அது என்று கேட்கக் கோதண்டராமன் வாயைத் திறந்தார். கேட்பதற்குள், தமயந்தி முந்தானையால் துடைத்துவிட்ட இடத்தில் தான் உட்கார்ந்தது ஞாபகத்துக்கு வந்தது.